அடுப்புக்கு மேலே ஒரு திட்டு

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்காவது நிம்மதியான தூக்கம் கிடைக்கும். ஆனால் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. குசினிச் சீலிங்கில், அடுப்புக்கு நேர்மேலே, அந்தத் திட்டும் இருக்கிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சஞ்சயன் எங்கள் கந்தோரில் வேலை செய்கிறவன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவன். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிற ஆள் அவன்தான். நாங்கள் அவனைக் கேலி செய்வது வேறு விஷயத்துக்கு. மனைவி நிருஷா கூப்பிட்டால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவான். எள் என்றால் எண்ணெயாய் நிற்பான் என்பார்களே, அவன் எள்ளின் 'எ' கேட்டாலே எண்ணெய்ப் போத்தலோடு நிற்பான்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு தரம் வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. எட்டாம் மாதம். அந்தப் பிள்ளையும் தாயும் பத்திரமாகப் பிழைத்துக்கொண்டால் போதும். இந்த உலகத்தில் அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வீடு மடவளை ஊர்க்காரர் முனாப் நானாவுடையது. டவுனில் புடைவைக்கடை வைத்திருக்கிற நல்ல மனிதர். மலைச்சரிவில் கட்டிய பழைய வீடு அது. முன்னால் ஹோல், நடுவில் அறை, பின்னால் குசினி. குசினியின் பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன விறாந்தை. அதன் முடிவில் தகரம் போட்ட குளியலறை. எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது, குசினிச் சீலிங்கைத் தவிர. முன்பு இருந்தவர்கள் விறகு எரித்து எரித்து, அது சட்டி அடியைப் போலக் கறுத்துப் போயிருந்தது. பழைய புகை நாற்றத்தில் நிருஷாவுக்குக் குமட்டும். குசினிக்குள் போனால் வாந்திதான்.

வீடு கொடுக்கிற அன்றே முனாப் நானா ஒன்று சொல்லியிருந்தார்.

"மத்ததெல்லாம் உங்கட வூடு மாதிரி செஞ்சிக்கிங்க தம்பி. குசினி சீலிங்குல மட்டும் கை வைக்காதீங்க. நான் ஆள் விட்டுச் செஞ்சு தாரன்."

மாதங்கள் போயின. ஆள் வரவில்லை. கேட்டால், "அடுத்த கிழம பார்ப்பம்" என்பார். நிருஷாவின் தாயார் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற நாளும் நெருங்கிவிட்டது. தன் கையே தனக்குதவி என்று சஞ்சயன் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட்டும் ரோலரும் வாங்கி வந்தான்.

ஹார்ட்வெயார் கடைக்கார அர்கம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினான். "சீலிங்க ஒரே மூச்சுல அடிக்கோணும். யன்னல் பக்கம் தொடங்கினா, மத்தப் பக்கம் முடியுற வரைக்கும் ஏணிய விட்டு இறங்கப்படாது. நடுவுல நிப்பாட்டினா ஓரம் காஞ்சிடும். பிறகு எவ்வளவு அடிச்சாலும் சேர்த்த இடம் திட்டாத் தெரியும்."

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் வந்து நிற்கப் போகிறது.

அது ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நிருஷா முன் ஹோலில் சாய்ந்திருந்தாள். சஞ்சயன் சீலிங்கைச் சுரண்டிக் கழுவிக் காயவிட்டு, முதல் பூச்சும் பூசி முடித்திருந்தான். இப்போது கடைசிப் பூச்சு. யன்னல் பக்கம் தொடங்கினான். ஒரு கை ஏணியில், மறு கை ரோலரில். சர்... சர்... என்று வேலை வழுக்கிக்கொண்டு போனது. நேர் அடுப்புக்கு மேலே வந்தான்.

"இஞ்சாருங்கோ..."

நிருஷா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தன் தாய் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி 'இஞ்சாருங்கோ' என்று கேலியாகக் கூப்பிடத் தொடங்கி, பிறகு அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"ஓம், வாறன்," என்றான் சஞ்சயன். ரோலரைப் பெயின்ட் தட்டில் வைத்துவிட்டு இறங்கி ஓடினான்.

நிருஷா நித்திரை. வாய் சற்றுத் திறந்திருந்தது. லேசான குறட்டைகூட வந்தது. அவன் தோளைத் தொட்டான்.

"என்னப்பா, கூப்பிட்டனீரே?"

"நானோ? நான் கூப்பிடேல்லையே. என்ன, நிண்டுகொண்டே கனவு கண்டனீங்களோ?"

சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான். ஏணியில் ஏறும்போதுதான் ஒன்று உறைத்தது. ஹோல் இருப்பது முன்னால். குரல் வந்தது பின்னாலிருந்து.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரோலரைத் தட்டின் இடது பக்கம் வைத்துவிட்டுப் போன ஞாபகம். இப்போது அது வலது பக்கம் இருந்தது. புதுப் பெயின்ட் தோய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. தான்தான் மாறி வைத்தேனாக்கும் என்று எண்ணி வேலையை முடித்தான்.

காலையில் பார்த்தால் சீலிங் முழுக்கப் பால் மாதிரி. அடுப்புக்கு மேலே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மங்கல் திட்டு. பார்க்கப் பார்க்க உறுத்தியது. படம் எடுத்துக்கொண்டு போய் அர்கமிடம் காட்டினான். அர்கம் படத்தை விரித்து விரித்துப் பார்த்தான்.

"ரெண்டு பேரா அடிச்சீங்க?"

"இல்லை. நான் தனியத்தான்."

"இல்லையே. இங்க பாருங்க. மத்த இடமெல்லாம் நெடுக்க அடிச்சிருக்கு. இந்த இடம் மட்டும் குறுக்க. இது வேற கை."

சஞ்சயன் அதற்கும் சிரித்தான். ஆனால் கந்தோரில் வந்து எங்களுக்குச் சொன்னபோது அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

இரண்டாம் தரம் அடித்தது அடுத்த ஞாயிறு. நிருஷா கந்தோர்ச் சிநேகிதி ஒருத்தியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும். முன்கதவு பூட்டு. பின்கதவு உள்கொண்டி. திட்டைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு, திரும்பவும் யன்னல் பக்கமிருந்து முழுதாக அடித்துக்கொண்டு வந்தான். அந்த இடம் வந்தது.

"இஞ்சாருங்கோ..."

"ஓம், வாறன்."

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு படி இறங்கியும் விட்டான். அப்போதுதான் நினைவு வந்தது.

நிருஷா வீட்டில் இல்லை.

காலை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. ஏணியில் அப்படியே நின்றான். வெளியே எங்கோ ஒரு பஸ் மேடேறுகிற முனகல் கேட்டது. அது போய் முடிந்ததும்... பின்பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம். டொக்... டொக்... டொக்... குளியலறைப் பைப்.

சரிவில் கட்டிய வீடுகள், மேல்வீட்டுக் குரல் கீழ்வீட்டில் கேட்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். துணிந்து பின்கதவைத் திறந்தான். விறாந்தையில் யாரும் இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான்.

உள்ளேயும் யாரும் இல்லை. பைப் இறுக்கி மூடியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவனுக்குப் பின்னால், குசினிக்குள்... சர்... சர்... சர்...

ரோலர் ஓடுகிற சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை அவன். வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி ரோட்டுக்கு வந்தான். செருப்பில்லை, கையெல்லாம் பெயின்ட். நிருஷாவின் ஓட்டோ வருகிறவரை மதிலோடு சாய்ந்து நின்றான். பேயறைந்த மாதிரி என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அன்று அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

மறைக்கத்தான் பார்த்தான். அவளிடம் எதை மறைக்க முடியும்? எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துவிட்டாள். பயந்தாள். ஆனால் வாய் குறையவில்லை.

"அம்மா சொல்லுவா, தனிய நிக்கேக்க ஆரும் கூப்பிட்டா முதல் குரலுக்கு ஓம் எண்டு சொல்லக் கூடாதாம். பேய்க்கு மூண்டு தரம் கூப்பிட ஏலாதாம். நீங்கள்தான் கூப்பிட முதலே ஓம் போடுற ஆளாச்சே."

"விசர்க்கதை."

"விசரோ என்னவோ. இனிமேல் நான் மூண்டு தரம் கூப்பிடுவன். மூண்டாம் தரத்துக்குத்தான் நீங்கள் வாய் திறக்கோணும். சரியோ?"

"சரி."

இப்படி ஒரு ஒப்பந்தத்தை அந்த இரண்டு படித்த பிள்ளைகளும் கட்டிலில் இருந்து பேசி முடித்தார்கள். பாவம். தங்கள் கழுத்துக்குத் தாங்களே கயிறு திரிக்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சீலிங் பாதி வெள்ளை, பாதி மங்கல், முன்னதைவிட மோசமாய்க் கிடந்தது. வருகிற ஞாயிறு மாமியார் வருகிறார். "பேய்க்குப் பயந்து குசினியைப் பாதியில விட்டவன் எண்டு பெயர் வேணாம்," என்று மறு சனிக்கிழமையும் ஏணியை எடுத்தான். நிருஷா வீட்டில் இருந்தாள். அந்தத் தைரியம்தான்.

"எங்கயாவது எழும்பிப் போறதெண்டா எனக்குச் சொல்லிப்போட்டுப் போம்," என்றான்.

"ஓமோம். நீங்கள் பாதியில இறங்கிறேல்லை, கண்டியளோ. இதுதான் கடைசி. நாலாம் தரம் உந்த மணம் என்னால தாங்கேலாது."

மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை தெரியும்தானே, நிற்கவே நிற்காது. சாரல் அடிக்காமல் பின்கதவைச் சாத்திக் கொண்டி போட்டான். குசினி மின்விளக்கைப் போட்டான். யன்னல் பக்கம் தொடங்கினான்.

சர்... சர்...

அடுப்புக்குக் கிட்ட வரவரக் கை கனத்தது. பிள்ளையாரை நினைத்தான். அந்த இடம் வந்தது.

"இஞ்சாருங்கோ..."

பின்னாலிருந்து. மழைக்குள்ளால்.

தொண்டைவரை 'ஓம்' வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினான். ஒன்று, என்று மனதுக்குள் எண்ணினான்.

தகரத்தில் மழை கொட்டியது. ரோலர் ஓடியது. அவன் நிறுத்தவில்லை.

"இஞ்... சாருங்கோ..."

இம்முறை தாழ்ந்து. இழுத்து. தொண்டையால் அல்ல, வயிற்றால் கூப்பிடுகிற மாதிரி.

இரண்டு.

காத்திருந்தான். மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தான். மழை மட்டும் கேட்டது. இன்னும் காத்திருந்தான்.

மூன்றாம் குரல் வரவில்லை.

அப்போ அது நிருஷா இல்லை. அதுதான். அவனுக்குப் பயத்துக்குள்ளும் ஒரு நிம்மதி வந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தான். ஓரம் காயப் போகிறது. ரோலரைத் தூக்கினான்.

அவனுடைய வலது காதுக்குப் பக்கத்தில், சீலிங்கோடு ஒட்டினாற்போல், ஒரு ஆண்குரல் சொன்னது.

"ஓம்... வாறன்."

களைத்த குரல். கோபமில்லை. அவசரப்பட்ட குரல்.

ரோலர் கையை விட்டுப் போனது. தரையில் விழுந்த சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லை.

ஏணி அசைந்தது.

கிறீச்.

அவன் அசையவில்லை. அவனுக்குக் கீழே படி அழுந்தியது. அடுத்த படி.

கிறீச்.

யாரோ இறங்குகிறார்கள்.

பிறகு தரையில் வெறுங்கால் நடை. வேகமாக. பின்கதவுப் பக்கம்.

அவன் கண் முன்னால் கொண்டி அசைந்தது.

டக்.

கதவு விரியத் திறந்தது. மழை உள்ளே அடித்தது. திறந்த வாசலுக்கு அப்பால், விறாந்தையில், ஒரு குடை மல்லாந்து கிடந்து சுழன்றது.

ஊதாக் குடை.

நிருஷாவின் குடை.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. நிருஷா தரையில் கிடந்தாள். கீழே இரத்தம், மழைத் தண்ணீரோடு கலந்து வாசல்வரை வந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு இருந்தது.

அவள் தலைக்குக் கீழே துவாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நெற்றியில் வெள்ளைப் பெயின்ட். மூன்று விரல் தடம். ஈரம் காயாமல்.

அவன் இன்னும் அவளைத் தொடவேயில்லை.

சஞ்சயன் போன் போட்டதும் முனாப் நானா கடையை விட்டுத் தன் வானை ஓட்டிக்கொண்டு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்த மழையில் ஓட்டோ கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நேரே சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். "இன்னும் பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் ரெண்டு உயிரும் இல்லை," என்றார் டொக்டர். பெண்பிள்ளை. குறைமாதம், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாயும் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் கிடந்த நீள வாங்கில் சஞ்சயன் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முனாப் நானா. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையைப் பார்த்தார். பெயின்ட் காய்ந்து வெடித்திருந்தது.

"சீலிங்க அடிச்சீங்களா?"

அவன் தலையாட்டினான்.

முனாப் நானா அழத் தொடங்கிவிட்டார். பெரிய மனிதர், பிள்ளை மாதிரித் தேம்பினார்.

"நான் செல்லியிருக்கோணும் தம்பி. வூட்டுக்கு ஆள் வராதுன்னு மறைச்சிட்டன். அது நடந்து இருவது வருஷத்துக்கும் மேல. உங்கட ஊர் ஆக்கள்தான். மகேந்திரராசான்னு, கச்சேரியில கவர்மென்ட் வேல. அவர்ர மனிசி சரோஜினிதேவி. அவவும் புள்ளத்தாச்சி. அவர் குசினி சீலிங் அடிச்சிக்கிட்டு ஈந்தாரு. அவ குளிக்கிற அறையில விழுந்திட்டா. கூப்பிட்டா. மேல்வூட்டாக்களுக்கும் கேட்டது. அவரும் 'ஓம், வாறன்'னு செல்லியிருக்காரு. அதுவும் கேட்டது."

சஞ்சயன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"ஆனா உடன இறங்கல்ல. பாதியில நிப்பாட்டினா திட்டாப் போயிடும்னு, அந்த ஓரத்த மட்டும் முடிச்சிட்டுப் போவம்னு ஈந்திட்டாரு. தண்ணி கேக்கத்தான் கூப்பிடுறான்னு நினைச்சாராம். போய்ப் பார்த்தா மனிசியும் மவுத்து, புள்ளயும் மவுத்து. ஆறு மாசத்தில அவரும் போயிட்டாரு."

அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார்.

"அண்டைக்கு அந்த சீலிங்க நான் பார்த்தன் தம்பி. ஒரு திட்டு இல்ல. ஒரு கோடு இல்ல. அவ்வளவு வடிவா முடிச்சிருந்தாரு."

நிருஷாவுக்கு மறுநாள் காலைதான் நன்றாக நினைவு திரும்பியது. பிள்ளையைக் கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"உங்களுக்கு வேலை குழம்பக் கூடாதெண்டுதான் சொல்லாமல் வெளியால சுத்திப் போனனான். வழுக்கிப் போட்டுது. ரெண்டு தரம்தான் கூப்பிட ஏலுமா இருந்தது. மூண்டாம் தரத்துக்கு மூச்சு வரேல்லை. எனக்கு அப்பதான் எங்கட ஒப்பந்தம் நினைவு வந்தது. செத்தன் எண்டு நினைச்சன். நீங்கள் மூண்டாவது குரலுக்குப் பாத்துக்கொண்டு நிப்பியளே..."

சஞ்சயன் போர்வையை அவள் தோள்வரை இழுத்து விட்டான்.

"ஆனா உடன 'ஓம், வாறன்' எண்டியள். எனக்குக் கேட்டது. ஓடி வந்து தலையைத் தூக்கித் துவாய் வைச்சியள். நெத்தியத் தடவினியள். கண் திறக்க ஏலேல்லை, பெயின்ட் மணத்தது. கை சரியான குளிர். பிறகு திரும்பவும் ஓடி வந்து கத்தினியள்..."

அவள் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. தலையை மடியில வைச்சுக்கொண்டு அழுது அழுது சொன்னியளே, 'இந்தமுறை நான் பிந்தேல்லை' எண்டு..."

அவள் அவன் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

"முந்தி எப்ப நீங்கள் பிந்தி வந்தனீங்கள்?"